தங்கவயல் தமிழர் வாழ்வும் பழைய நிழற்படங்களும்

ஓர் இனத்தின் வரலாறு அரசர் வெட்டுவித்த கல்வெட்டுகளிலும் புலவர் பாடிய பாட்டுகளிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. உழைத்து உண்டு, மக்களைப் பெற்று வளர்த்து, விழாக் கொண்டாடி, ஒருநாள் மண்ணோடு மண்ணாகிவிட்ட எளிய மக்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. ஆயினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக அதற்குப் புதிய சான்று ஒன்று தோன்றியிருக்கின்றது. அதுதான் நிழற்படம். கன்னட நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெட்டியின் அடியிலும் சுவரின் உச்சியிலும் கிடக்கும் பழைய படங்கள், நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்து குடியேறி வாழ்ந்த வரலாற்றைச் சொல்ல வல்லவை.

அவற்றுள் கோலார் தங்கவயல் மக்களின் படங்களைப் பற்றி இவ்வாண்டு மலரில் சில கூற விழைகிறோம். பெங்களூரில் இன்று நம்மோடு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குத் தங்கவயலே தாய்வீடு. அங்கே சுரங்கம் மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மக்கள் பல திசைகளிலும் பிரிந்து சென்றுவிட்டனர். படங்களில் உள்ளோரை அடையாளம் காட்டவல்ல முதியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். ஆதலின் இதனைச் சொல்லுதற்குக் காலம் இதுவே என்று கருதுகிறோம்.

நடுகல் மரபு

மாண்டாரை நினைவிற்கொள்ளும் தமிழர் முறை மிகப் பழமையானது. ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்து, பீலி சூட்டி வழிபட்டனர் நம் முன்னோர். தொல்காப்பியம் அதன் படிநிலைகளை வகுத்துரைக்கின்றது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய கற்கள் பல உள்ளன. எல்லைக்கு இப்பால் கோலார், பெங்களூர்ப் பகுதிகளிலும் வீரக்கற்கள் உண்டு. பெங்களூர் என்னும் பெயர் முதன்முதலாகக் காணப்படுவதே, ஏறத்தாழக் கி.பி. 890ஐச் சார்ந்த பேகூர் வீரக்கல் ஒன்றில்தான். கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இம்மண்ணில் தமிழெழுத்து நேற்று வந்ததன்று.

இந்நடுகற்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பெயர் பொறித்த கல், ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் இன்னான், இன்னான் மகன், இன்ன ஊரில் வீழ்ந்தான் என்று எடுத்துரைக்கின்றது. எழுத்தில்லாத கல்லோ, யாரோ ஒரு வீரன் என்று சொல்லி நின்றுவிடுகின்றது. நிழற்படத்திற்கும் இது முற்றிலும் பொருந்தும்.

தங்கவயல் எழுந்த வரலாறு

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், மைசூர் எல்லைகளை அளந்து வரையறுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர் ஜான் வாரன் என்னும் படைத்தலைவர். இப்பகுதி மண்ணில் பொன் உண்டென்று கேள்வியுற்ற அவர், 1802ஆம் ஆண்டில் உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் பக்கத்தே மக்கள் மண்ணை அரித்துப் பொன் துகள் எடுப்பதைத் தாமே கண்டார். எழுபது ஆண்டுகட்குப் பின், பெங்களூர்த் தண்டில் வாழ்ந்த மைக்கேல் லெவெல் என்னும் அயர்லாந்து நாட்டுப் பழைய படைவீரர் இச்செய்தியில் ஊக்கம்கொண்டு, 1873ஆம் ஆண்டில் மைசூர் அரசினரிடம் விண்ணப்பித்து, 1875ஆம் ஆண்டில் சுரங்க உரிமை பெற்றார். பெங்களூரிலுள்ள லெவெல் சாலை அவர் பெயரால் அமைந்ததே. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இங்கிலாந்து நிறுவனத்தார் வந்த பின்னரே தொழில் வேரூன்றியது. 1894ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம்வரை இருப்புப்பாதை போடப்பட்டது. 1902ஆம் ஆண்டில், சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்னாற்றல் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905ஆம் ஆண்டில்தான்.

சுரங்கம் தோண்டக் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழர் கைகளே. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, நிலமற்ற ஏழை உழைப்பாளிகள், அவர்களுள்ளும் ஆதி திராவிட மக்கள், குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் வடு ஆறாதிருந்த காலம் அது. ஊரில் பண்ணையாருக்கு அடிமைப்பட்டுக் கிடப்பதைவிடப் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று கருதி வந்தோரும் உண்டு. மூங்கில் தட்டியாலும் தகரத்தாலும் அமைந்த ஓரறை வீடுகள் வரிசை வரிசையாய் நின்றமையால் அக்குடியிருப்புகளுக்கு ‘லைன்’ என்றே பெயர் வழங்கிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் அங்கு எடுக்கப்பட்ட பொன் சுமார் 800 டன் என்பர். அப்பொன்னுக்கு ஈடாக நம்மவர் கொடுத்தவை, பாறை வெடித்துப் போன உயிர்களும் கல்தூசி படிந்து நைந்த நுரையீரல்களும் ஆகும்.

பிறர் எடுத்த படங்கள்

இனி, நம் மக்களைப் பிறர் எவ்வாறு படம் எடுத்தனர் என்பதைக் காண்போம். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராய் விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்பவர், 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய இடங்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் அரிய படங்களாக எடுத்தார். அவற்றில் தூண்களும் கோபுரங்களும் தெளிவாக உள்ளன. மக்களைக் காண்பதோ அரிது. அக்காலத்து முறையில் நெடுநேரம் ஒளி படவேண்டியிருந்தமையால், நடமாடுவோர் படத்தில் பதியாமலே மறைந்தனர்.

அடுத்து, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்னும் பெரிய படநூலை ஆங்கில ஆட்சியினர் வெளியிட்டனர். அதில் மக்கள் வந்துவிட்டனர். ஆயினும் சாதி, குலம் என்னும் வகைகளைக் காட்டும் மாதிரிகளாகவே அவர்களுள் பெரும்பாலோர் நிறுத்தப்பட்டனர். பெட்டியில் ஊசி குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிக்கும் அவர்க்கும் வேறுபாடு மிகுதியில்லை.

தாது வருடப் பஞ்சத்தின்போது, ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களை வரிசையாக அமர்த்திப் படம் பிடித்தார். பசித்தோரைப் படம் எடுத்துவிட்டுச் சோறிடாமல் விட்டார் என்னும் கண்டனம் அந்நாளிலேயே எழுந்தது. அப்படங்கள் இன்றும் உலகெங்கும் அச்சிடப்படுகின்றன. அவற்றில் இருப்போர் நம் பாட்டன் பாட்டிமாரின் காலத்தவர், நம் ஊரார். ஆனால் அவருள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம்.

தங்கவயலிலும் இந்நிலையே தொடர்ந்தது. சுரங்க வாயின்மேல் உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரம், நீராவிப் பொறி, கல் இடிக்கும் ஆலை, துரைமாரின் மாளிகை, அவர்தம் மனமகிழ் மன்றம் ஆகியவற்றை நிருவாகத்தார் படமாக்கினர். கிபோர்ட், ஹீத்கோட் என்று சுரங்கக் குழிகளுக்குப் பெயர்கள் உண்டு. அக்குழிகளின் வாயில் இடுப்புத் துணியோடு நிற்கும் தொழிலாளர் கூட்டத்திற்குப் ‘கூலிகள்’ என்னும் ஒரே சொல் போதுமாயிருந்தது.

நம்மவர் எடுப்பித்துக்கொண்ட படங்கள்

நம்மவர் தாமே விரும்பிக் காசு கொடுத்து எடுப்பித்துக்கொண்ட படங்கள் வேறு வகையின. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சம் மெல்ல மெல்ல நீங்கியது. தங்கவயலின் இராபர்ட்சன்பேட்டையிலும், பெங்களூர்த் தண்டுப் பகுதியிலும், மக்கள் ஸ்டூடியோவிற்குச் செல்லத் தொடங்கினர். பின்னே தோட்டமும் மாளிகையும் தீட்டிய சீலைத் திரை, பக்கத்தில் பூச்சாடி தாங்கிய முக்காலி, நடுவே நாற்காலி. கணவன் அமர்ந்திருப்பான், மனைவி அருகில் நிற்பாள். படக்காரர் கரிய துணிக்குள் தலையை நுழைத்து, அசையாதிருங்கள் என்பார். சிரிப்பதற்கு அங்கே இடமில்லை.

ஓரறை வீட்டில் வாழ்ந்தவன் மாளிகைத் திரைமுன் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டான் என்று இக்காலத்தார் நகைக்கலாம். யாம் அவ்வாறு கருதுகிலோம். பகலெல்லாம் இருளில் குனிந்து பாறை துளைத்தவன், வெளுத்த சட்டை அணிந்து, தலை வாரி, நிமிர்ந்து அமர்ந்து, என்னை இவ்வாறு காண்க என்று உலகிற்குச் சொன்ன இடம் அது. துரையின் படத்தில் அவன் கூட்டத்தில் ஒருவன். இப்படத்தில் அவன் ஒரு குடும்பத்தின் தலைவன்.

திருமணப் படங்கள், பள்ளிக் குழுப் படங்கள், வெற்றிக் கோப்பையோடு அமர்ந்த கால்பந்துக் குழுவினர், நாடகக் குழுவினர், சங்கத்தார் எனப் படங்கள் பலவாகப் பெருகின. இவற்றுள் சங்கத்தாரின் படங்கள் தனிச் சிறப்புடையவை. பண்டித அயோத்திதாசர் தோற்றுவித்த பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் 1907ஆம் ஆண்டிலேயே அமைந்தது. அவர் அதே ஆண்டில் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், 1914ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. சாம்பியன் ரீப்பிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை, அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வழங்கியது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அச்சுக்கூடமும் நூலகமும் இரவுப் பள்ளியும் செழித்த வரலாற்றைத் தமிழகத்தாரே முற்றும் அறிந்திலர். அத்தகைய சங்கத்தார் வரிசையாக அமர்ந்து எடுப்பித்த ஒரு குழுப் படம், நூறு பக்க நூலுக்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஏழைக் குடும்பங்கள் பலவற்றில், ஒருவருக்கு எடுக்கப்பட்ட முதற்படமே இறுதிப் படமாகவும் அமைந்தது. உயிர் நீங்கிய பின்னர் மாலை சூட்டி நாற்காலியில் அமர்த்தி, சுற்றிலும் மக்களும் உறவினரும் நின்று எடுக்கும் படம் அது. சுரங்கத்தில் பாறை வெடிக்குங்கால் லைன் வீடுகள் அதிரும். வேலைக்குச் சென்றோரின் உற்றார் குழிவாயிலுக்கு ஓடுவர். அவ்வாறு ஓடியவர்தம் வீட்டில், இறந்தவனின் முகம் மறவாதிருக்க அவ்வொரு படமே துணை. இதனைக் கண்டு அருவருப்போர், அதனை எடுப்பித்தவர்தம் அன்பை அறியாதோராவர்.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சிய மலைத்தொடர் உள்ளது. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா முதலிய மாநிலங்களில் அம்மலைச்சாரல் ஊர்கள், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தவை. அங்கும் கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, கம்பெனி மருத்துவமனை. நம் தங்கவயலை ஒத்த வாழ்வே. 1946ஆம் ஆண்டில் அங்குத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு சுரங்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, தொழிலாளர் குடும்பங்களின் வீடு, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றை ஆராய ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவினருடன் சென்ற ரஸ்ஸல் லீ என்னும் நிழற்படக்காரர், சுரங்கத்திற்குள் மட்டும் நின்றுவிடவில்லை. சமையலறை, கிணற்றடி, தேவாலயம், பள்ளி, குழந்தைகள் விளையாடும் முற்றம் எனப் புகுந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தார்.

அப்படங்களின் சிறப்பு யாதெனின், அவற்றுள் பலவற்றின் கீழ், தொழிலாளியின் பெயர், அவன் செய்யும் வேலை, சுரங்கம், ஊர், மாவட்டம் ஆகியன எழுதப்பட்டுள்ளன. அதனால் எண்பது ஆண்டுகட்குப் பின்னும், இவர் எம் பாட்டனார் என்று ஒரு பேரன் சுட்டிக் காட்ட முடிகின்றது. அந்நாட்டு ஆவணக்காப்பகம் 2024ஆம் ஆண்டில் அப்படங்களைப் பொதுமக்கள் காணக் கண்காட்சியாகவும் வைத்தது.

அதே 1946ஆம் ஆண்டில் தங்கவயலில் நிகழ்ந்தது யாது? நவம்பர் 4ஆம் நாள், போராடிய தொழிலாளர்மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். அறுவர் உயிர் துறந்தனர். தங்கவயல் மக்கள் அவ்வறுவரையும் தியாகிகளாக இன்றும் போற்றுகின்றனர். அதற்கு முன்னர், 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிக்கவேண்டும் என்று நிருவாகத்தார் விதித்தபோது, குற்றவாளிகளைப்போல் எம்மைப் பதிவு செய்வதா என்று வெகுண்டு அனைவரும் வேலைநிறுத்தம் செய்தனர். இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. நம் முன்னோர் ரேகையாகவும் எண்ணாகவும் இருக்க மறுத்தனர். மனிதராக மதிக்கப்பட வேண்டினர். அவர்தம் முகங்களைப் பெயரற்றனவாக நாமே விட்டுவிடுவது எவ்வகையில் தகும்?

ஊரும் கலைந்தது

1956ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962ஆம் ஆண்டில் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. பொன் குறைந்து செலவு மிகுந்தமையால், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று ஊரைச் சுற்றிச் சயனைடு மண்மேடுகள் வெளிறி நிற்கின்றன. விடியுமுன் மாரிக்குப்பத்து ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து உழைத்து, இரவில் வீடு திரும்புவோர் பல்லாயிரவர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர். அண்மையில், 2018ஆம் ஆண்டில் வெளியான ‘கே.ஜி.எஃப்’ என்னும் கன்னடப் படமும், 2024ஆம் ஆண்டில் வெளியான ‘தங்கலான்’ என்னும் தமிழ்ப் படமும் தங்கவயலின் பெயரை உலகெங்கும் பரப்பின. அவை கற்பனை கலந்த கதைகள். உண்மைக் கதை நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றது.

வீடு மாறுங்கால் பெட்டி சிறுக்கின்றது. அடுக்கு வீட்டில் ஆணி அடிக்க இடமில்லை. யார் என்று தெரியாத படத்தை இளையோர் எதற்காகக் காப்பர்? பெயரறியாத படமே முதலில் பழைய தாளோடு போகின்றது. பெயர் அறிந்த படத்தைத் தூக்கி எறிய எவர்க்கும் மனம் வாராது.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே நம் குடும்பத்தார்க்குச் சில சொல்வோம். முதற்கண், படத்தின் பின்புறத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் பெயர்களை எழுதுக. பேனா மை ஊறி முன்புறம் தோன்றும். இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எழுதுதல் நன்று. ஊர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றையும் சேர்க்க. ஆண்டு தெரியாதெனின், இன்னார் திருமணத்திற்கு முன், இன்னார் பிறந்த பின் என்றாவது குறிக்க.

உறவுமுறையை மட்டும் எழுதுதல் போதாது. அத்தை, பெரியப்பா, ஆயா என்னும் சொற்கள் எழுதுவோரைச் சார்ந்தவை. உமக்கு அத்தையானவர் உம் பேரனுக்கு யார்? இரண்டு தலைமுறை சென்றால் அச்சொல் பொருளற்றுப்போம். ஆதலின் உரிய பெயரை எழுதுக. பெண்டிர் பெயரைச் சிறப்பாக எழுதுக. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பல படங்களில் நம் பெண்மக்கள் நின்றுவிட்டனர். தட்டி வீட்டில் பத்து உயிர்களைக் காத்து வளர்த்தவளுக்கு அவள் பெயரையாவது நாம் தரவேண்டாமா?

படங்களைப் பசையிட்டு ஒட்டுதலும், பளபளக்கும் நெகிழித்தாளில் பொதிந்து சூடேற்றி மூடுதலும், கிழிந்தவற்றை ஒட்டுநாடாவால் இணைத்தலும் கூடா. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்தல் கூடாது. கண்ணாடியோடே நகல் எடுத்துக்கொள்க. வெயில் படும் சுவரும் ஈரம் கசியும் அலமாரியும் படத்திற்குப் பகை. தாள் உறையில் இட்டு உலர்ந்த இடத்தில் வைத்தல் நலம். இக்காலக் கைப்பேசியால் நகல் எடுத்து உறவினர்க்கு அனுப்புவது எளிது. எனினும் நகல் எடுத்ததும் மூலத்தை எறிந்துவிடுதல் தகாது.

இவை யாவற்றினும் விரைந்து செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டில் முதியவர் இருப்பாராயின், வரும் ஞாயிறன்றே படங்களை அவர்முன் பரப்பி, பிள்ளைகளையும் உடன் அமர்த்தி, ஒவ்வொரு முகத்தையும் சுட்டிக் கேட்க. ஒரு பெயரைக் கேட்டால் ஒரு கதை வரும். கதையோடு ஊரும் வரும், உறவும் வரும். பிள்ளைகள் தமிழ் கற்பதற்கும் அதனினும் இனிய வழி வேறில்லை.

தமிழ்ச் சங்கங்கள் இப்பணியில் துணை நிற்றல் வேண்டும். ஆண்டு விழாவில் பாட்டும் நாடகமும் நிகழும் மன்றத்தின் ஒரு பக்கத்தே, குடும்பப் படங்களின் நகல்களைப் பெயர்களோடு காட்சிக்கு வைக்கலாம். அறியாத முகங்களின் கீழே வெற்றுத்தாள் தொங்கவிட்டால், அறிந்தவர் வந்து எழுதிச் செல்வர். பிரிந்த உறவினர் அங்கே ஒன்றுகூடவும் வாய்ப்புண்டு.

பொன் எடுத்த சுரங்கம் மூடிவிட்டது. அதைத் தோண்டிய மக்களின் முகங்கள் இன்னும் நம் கையில் உள்ளன. நம் முன்னோர் வீழ்ந்தார்க்குக் கல்லில் பெயர் பொறித்தனர். நாம் படத்தின் பின்னே பென்சிலால் ஒரு பெயர் எழுதுவோம். அச்சிறு கடமையை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் குடும்பங்கள்!